ஆட்டுத்தோலுக்கு ஆவாரம் பட்டை!
வீட்டிலேயே பதனிடுவது எப்படி?

ஆட்டை அறுத்தால் கறி குழம்புக்குப் போகும். தலையும் காலும் கூட வீணாவதில்லை. தோல்?

உசிலம்பட்டி வட்டாரம் மழையை நம்பிய பூமி. ஆடு வளர்ப்போர் அதிகம். தோலைப் பதனிடும் சரக்கும் அங்கே வழியோரத்திலேயே வளர்கிறது. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறார்களே, அந்த ஆவாரைதான் அது!

ஆவாரம் பட்டை துவர்க்கும். அந்தத் துவர்ப்பு தோலுக்குள் ஏறிவிட்டால் தோல் அழுகாது. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்துத் தோல் இந்தப் பட்டையில் பதனாகி, கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போனது. பிறகு வாட்டில் பட்டையும் குரோம் உப்பும் வந்தன. ஆவாரை பின்னுக்குப் போய்விட்டது. இந்த வேலையைச் செய்தவர்களை ஊர் ஒதுக்கி வைத்தது. அவர்கள் பதனிட்ட தோலில் தைத்த செருப்பை மட்டும் ஒதுக்கவில்லை!

உடனே உப்பு

உரித்த தோல் சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். அப்படியே வெயிலில் போட்டால் மேலே காயும்; உள்ளே அழுகும். தோலின் எடையில் பாதி அளவு உப்பை உட்புறத்தில் தேய்த்து, நிழலில் வைக்க வேண்டும்.

நோயில் செத்த ஆட்டின் தோலைத் தொடவே கூடாது. அடைப்பான் நோய் மனிதனையும் கொல்லும்.

முடி நீங்க

உப்பை உதறிவிட்டுத் தோலை நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஒரு கிலோ தோலுக்கு 100 கிராம் நீற்றிய சுண்ணாம்பு போதும். அதைக் கரைத்த தண்ணீரில் நாலைந்து நாள் தோல் ஊறட்டும். தினமும் புரட்டிவிட வேண்டும். கைக்கு ரப்பர் உறை அவசியம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

பிறகு மழுங்கிய கத்தியால் முடியையும் சதையையும் வழியுங்கள். சுண்ணாம்பு போகப் பல தண்ணீரில் அலசி, ஒரு நாள் தவிட்டு நீரில் போடுங்கள்.

பொறுமை வேண்டும்

பட்டையை இடித்து மண் தொட்டியில் ஊறவையுங்கள். இரும்புப் பாத்திரம் ஆகாது, தோல் கறுத்துவிடும். முதலில் சாறு நீர்த்திருக்க வேண்டும். நாளாக ஆகத்தான் கெட்டியாக்க வேண்டும். எடுத்தவுடன் கெட்டிச் சாற்றில் போட்டால் மேல்பக்கம் இறுகும். நடுப்பக்கம் பச்சையாகவே நிற்கும். அவசரக்காரர்கள் தோலை இழப்பது இங்கேதான்.

இரண்டு மூன்று வாரம் கழித்து ஓரத்தில் சிறிது வெட்டிப் பாருங்கள். நடுவில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் ஊறவேண்டும்.

ஆவாரையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவக்கும். கடைசியாகக் கடுக்காய் நீரில் ஒரு முறை முக்கினால் சிவக்காது. பிறகு புங்க எண்ணெய் தடவி, நிழலில் காயவைத்து, கையால் கசக்கி மென்மையாக்க வேண்டும்.

கிணறு பத்திரம்

தோல் கழிவால் பாலாற்றுப் படுகையில் கிணறுகள் உப்பாயின. 1996இல் உச்ச நீதிமன்றம் தோல் ஆலைகளுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் போட்டது. உதறிய உப்பைக் குப்பையில் கொட்டாதீர்கள். கழிவு நீர் கிணற்றுப் பக்கமோ வயலுக்கோ போகக் கூடாது.

இந்த முறை ஒன்றிரண்டு தோலுக்குத்தான். பத்துத் தோல் சேர்ந்துவிட்டால், உப்புப் போட்டுத் தோல் வியாபாரியிடம் விற்றுவிடுவதே நல்லது.