சின்னப்பரும் பவுலும் ஒருவரா, இருவரா?



நம்ம ஊர்ப் பேர் என்ன? பஸ் போர்டில் 'ஆர்.கே.பேட்டை' என்று இருக்கும். முழுப் பேரை எழுதினால் 'இராமகிருஷ்ணராஜுப்பேட்டை'. அவசரத்துக்கு 'பேட்டை' என்று சொன்னாலும் கண்டக்டர் டிக்கெட் கொடுத்துடுவார். பேர் மூணு இருக்கு என்பதால் ஊர் மூணு என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆனால் பைபிளில் வரும் பேர்கள் விஷயத்தில் மட்டும் இந்தச் சாதாரண விஷயம் நமக்கு மறந்து போகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சண்டை எப்படி வந்தது?

எங்கள் வகுப்பில் இரண்டு நண்பர்கள். ஒருவன் ஆர்.சி. கோயிலுக்குப் போகிறவன், இன்னொருவன் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பாத்திரங்களின் பேர்ப் பட்டியல் எழுத உட்கார்ந்தார்கள். ஒருவன் 'சூசையப்பர், அருளப்பர்' என்று எழுதினான். இன்னொருவன் அதை அடித்துவிட்டு 'யோசேப்பு, யோவான்' என்று எழுதினான். "எங்க பாட்டி சொல்ற பேர் தப்பா?" என்றான் இவன். "பைபிள்ல இருக்கிறதுதான் சரி" என்றான் அவன். பேச்சு வளர்ந்து, "உங்க பைபிளே வேற" என்ற அளவுக்குப் போய்விட்டது. ஒரு வாரம் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. நாடகமே நின்றுவிடும் போல இருந்தது.

நான் இரண்டு சபையையும் சேர்ந்தவன் இல்லை. எங்க வீட்டில் தறி ஓடுது, வீட்டில் பேசுவது தெலுங்கு. இரண்டு பேருமே எனக்கு வேண்டியவர்கள். அதனால் யார் சொல்வது சரி என்று தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

பேருக்குள் இருக்கும் அர்த்தம்

இயேசுவின் முதல் சீடர்களில் ஒருவர் சீமோன், மீன் பிடிக்கிறவர். இயேசு அவருக்கு 'கேபா' என்று புதுப் பேர் வைத்தார். இது அரமேயச் சொல். பாறை என்று அர்த்தம். புதிய ஏற்பாட்டின் 27 நூல்களும் நமக்குக் கிரேக்க மொழியில் கிடைத்திருக்கின்றன. கிரேக்கத்தில் பாறைக்கு 'பெத்ரா'. அதனால் கேபா அங்கே 'பெத்ரோஸ்' ஆனார். யோவான் எழுதிய நற்செய்தியின் முதல் அதிகாரத்திலேயே இந்தப் பேர் விளக்கம் வருகிறது. அதாவது, பேரை அர்த்தம் பார்த்து மொழிபெயர்ப்பது பைபிளுக்குள்ளேயே தொடங்கிவிட்டது!

இனி தமிழுக்கு வருவோம். பெத்ரோஸ் என்பதை ஓசைப்படி எழுதினால் 'பேதுரு'. தமிழில் 'த்ர்' என்று சேர்ந்து வராது, நடுவில் ஒரு உகரம் வேண்டும். கடைசி 'ஸ்' விழுந்துவிடும். கத்தோலிக்கர்கள் வழக்கமாகச் சொன்ன பேர் 'இராயப்பர்'. நம்ம பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது சுலபமாகப் புரியும். தெலுங்கில் 'ராயி' என்றால் கல். அந்தக் கல்தான் இராயப்பர் பேருக்குள் இருக்கிறது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். சென்னை ராயபுரத்தில் புனித இராயப்பர் ஆலயம் இருக்கிறது. ராயபுரம் என்ற பேரே அவரால் வந்தது என்றும் சொல்வார்கள்.

மற்ற பேர்களையும் பாருங்கள்:

1. பவுல் – சின்னப்பர். 'பவுலுஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குச் சிறியவர் என்று அர்த்தம். சிறியவர் என்றால் சின்னவர், அதனால் சின்னப்பர்.

2. யோவான் – அருளப்பர். எபிரேயத்தில் 'யோகனான்' என்றால் கடவுள் அருள் செய்தார் என்று அர்த்தம். அருள் என்ற சொல் அங்கிருந்து வந்தது.

3. யோசேப்பு – சூசை, வளன். 'சூசை' என்பது ஓசைப்படி வந்தது. போர்த்துக்கீசியர் 'ஜுசே' என்று சொன்னது நம் வாயில் சூசை ஆகிவிட்டது. 'வளன்' அர்த்தப்படி வந்தது. யோசேப்பு என்ற எபிரேயப் பேரில் 'இன்னும் கூட்டித் தருவாராக' என்ற பொருள் உண்டு. வீரமாமுனிவர் (1680–1747) தேம்பாவணியில் சூசையப்பருக்கு வைத்த பேர் வளன். அதே நூலில் திருமுழுக்கு யோவானுக்குக் 'கருணையன்' என்று பேர் வைத்தார். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இதைப் படித்திருப்பீர்கள்.

ஏன் இரண்டு வழி?

தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களிடம் வேதம் ஒரே வாசல் வழியாக வரவில்லை. முதலில் வந்த ஐரோப்பியர்கள் போர்த்துக்கீசியர், அவர்களோடு கத்தோலிக்கக் குருமார்கள். அன்றீக்கே அன்றீக்கசு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்கப் புத்தகத்தைத் தமிழ் எழுத்தில் அச்சடித்தார். இந்திய மொழி எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் புத்தகம் இதுதான். தமிழனாக நமக்கு இதில் பெருமை உண்டு.

அதற்குப் பிறகு 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். அவர் புராட்டஸ்டன்ட். கிரேக்க மூலத்தைப் பார்த்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து, 1715-இல் முழுவதும் அச்சிட்டு முடித்தார். பிறகு பப்ரிசியுஸ் சென்னை வேப்பேரியில் இருந்துகொண்டு இன்னொரு மொழிபெயர்ப்பு செய்தார். 1871-இல் ஹென்றி பவர் தலைமையில் புதிய பதிப்பு வந்தது. இந்த வரிசையில் வந்த பைபிள்களில் மூல ஓசையை ஒட்டிய பேர்கள் நிலைத்தன. கத்தோலிக்கர் வீடுகளில் பொருளைத் தமிழாக்கிய பேர்கள் நிலைத்தன.

இரண்டிலும் லாபம் இருக்கு. ஓசைப்படி எழுதினால் உலகத்தில் எங்கே போனாலும் பேர் ஒத்துப்போகும். அர்த்தப்படி எழுதினால் அந்தப் பேர் எதற்கு வைக்கப்பட்டது என்பது படிக்காத பாட்டிக்கும் புரியும்.

மனிதர் பேர் மட்டும் இல்லை, கடவுளைக் குறிக்கும் சொல்லும் இப்படித்தான் மாறி வந்தது. தம்பிரான், சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் – இவ்வளவும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெவ்வேறு காலத்தில் சொன்ன சொற்கள். பப்ரிசியுஸ் பராபரன் என்றார், 1871 பதிப்பு தேவன் என்றது. சொல் மாறியதால் கும்பிடுகிறவர் மாறிவிட்டாரா? இல்லையே!

கொரிந்துவில் நடந்த இதே சண்டை

நான் படித்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான்.

கொரிந்து என்பது கிரேக்க நாட்டில் ஒரு வியாபார ஊர். பவுல் அங்கே போனபோது சும்மா உட்கார்ந்து சாப்பிடவில்லை. ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற தம்பதியோடு சேர்ந்து கூடாரம் செய்யும் தொழில் செய்தார். அந்தக் காலக் கூடாரங்கள் தோலிலும் ஆட்டு முடியால் நெய்த முரட்டுத் துணியிலும் செய்யப்பட்டவை. துணியோடு பிழைக்கும் நம்ம ஊருக்கு அவர் ஒன்றும் அந்நியர் இல்லை பாருங்கள்!

அவர் அந்த ஊரை விட்டுப் போன பிறகு, சபையில் இருந்தவர்கள் கட்சி பிரிந்தார்கள். நான் பவுல் ஆள், நான் அப்பொல்லோ ஆள், நான் கேபா ஆள் என்று ஆளுக்கு ஒரு பேரைப் பிடித்துக்கொண்டார்கள். செய்தி பவுல் காதுக்கு வந்தது. கி.பி. 50-களில் அவர் ஒரு கடிதம் எழுதினார். அதுதான் புதிய ஏற்பாட்டில் 'கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம்'.

"என் பேரைப் பிடித்தவர்கள் செய்தது சரி" என்று அவர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. கிறிஸ்து என்ன துண்டு துண்டாகப் போய்விட்டாரா என்று கேட்டார். உங்களுக்காகச் சிலுவையில் அறையப்பட்டது நானா என்றும் கேட்டார். மூன்றாம் அதிகாரத்தில் நாற்று உவமை ஒன்று சொல்கிறார்: நட்டவன் நான், தண்ணீர் ஊற்றியவர் அப்பொல்லோ, வளரச் செய்தவர் கடவுள். நட்டவனையும் தண்ணீர் ஊற்றினவனையும் வைத்துச் சண்டை போட்டால் பயிரை யார் பார்ப்பது?

தன் கட்சிக்காரர்களையே முதலில் கண்டித்தார் என்பதுதான் இதில் பெரிய விஷயம். நம்ம பக்கத்து ஆள் தப்புச் செய்தால் நாம் வாயை மூடிக்கொள்வோம். அவர் அப்படிச் செய்யவில்லை. அவர் பேருக்குச் சிறியவர் என்று அர்த்தம் இருப்பது எவ்வளவு பொருத்தம்!

இப்போது நிலைமை என்ன?

1995-இல் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட் அறிஞர்களும் சேர்ந்து உழைத்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அதில் பவுல், யோவான், பேதுரு என்றே இருக்கிறது. கத்தோலிக்கக் கோயில்களில் இன்று வாசிப்பது இதைத்தான். ஆகவே நம்ம இரண்டு நண்பர்களின் பைபிளிலும் இந்தப் பேர்கள் ஒன்றே! ஆனால் அருளப்பன், சின்னப்பன், இராயப்பன் என்று பிள்ளைகளுக்குப் பேர் வைக்கும் வழக்கம் போகவில்லை. போகவும் வேண்டாம்.

இதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி இரண்டு பேருக்கும் காட்டினேன். கொரிந்து விஷயத்தைப் படித்ததும் ஆர்.சி. நண்பன் சிரித்துவிட்டான். மற்றவன், "அப்போ ரெண்டு பேரையும் எழுதிடலாம்டா" என்றான். சார்ட்டில் ஒரு பக்கம் யோசேப்பு, பக்கத்திலேயே சூசையப்பர் என்று எழுதினார்கள். நாடகமும் நடந்தது.

நண்பர்களே, சிந்தியுங்கள். ஒரு சொல் நமக்குப் புதுசாகக் கேட்டால் 'தப்பு' என்று சொல்வதற்கு முன்னால் 'என்ன அர்த்தம்?' என்று கேட்போம். கேட்டால் ஒரு புது விஷயம் கிடைக்கும், ஒரு நண்பனும் கையை விட்டுப் போக மாட்டான். உங்க பேருக்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கே வீட்டில் கேட்டு வாருங்கள். அடுத்த இதழில் எழுதலாம்.



– 11-ஆம் வகுப்பு மாணவன்