கோழிக் கூட்டில் கொஞ்சம் இயற்பியல்

வீட்டில் நான்கைந்து முட்டைக் கோழிகள் வளர்க்க விரும்புவோர் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன தீனி போடுவது?" என்பதே. தீனி முக்கியந்தான். ஆனால் சித்திரை, வைகாசி மாதங்களில் வயிறு நிறையத் தின்ற கோழிகூட ஒரே பிற்பகலில் சுருண்டு விழுந்து இறந்துவிடலாம். அதற்குக் காரணம் வெப்பம். எனவே கூடு கட்டுமுன் வெப்பத்தைப் பற்றிச் சிந்திப்போம்.

கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். வெப்பம், வெப்பநிலை மிகுந்த பொருளிலிருந்து குறைந்த பொருளுக்குச் செல்லும் என்று படித்திருக்கிறீர்கள். காற்று 25 டிகிரியில் இருந்தால் கோழியின் உடல் வெப்பம் எளிதாக வெளியேறும். வேலூரிலும் திருச்சியிலும் கோடையில் காற்றே 40 டிகிரியைத் தொடும்போது என்ன ஆகும்? அந்த வழி ஏறக்குறைய அடைபட்டுவிடும்.

நமக்கென்றால் வியர்க்கும். கோழிக்கோ வியர்வைச் சுரப்பிகள் இல்லை! அது அலகைத் திறந்து, இறக்கைகளைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும். அப்போது மூச்சுப் பாதையிலுள்ள ஈரம் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் இவ்வாறு ஆவியாகும்போது சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. ஆகவே கோடையில் தண்ணீர்தான் கோழியின் உயிர். மண்சட்டியில் நிழலில் வைத்து, நாளைக்கு மூன்று நான்கு முறை மாற்றுங்கள். தீனியைக் காலையிலும் மாலையிலும் போடுங்கள். செரிமானமும் வெப்பத்தை உண்டாக்கும் அல்லவா?

கூரைக்குத் தகரத்தைவிட ஓலை நல்லது. ஓலைகளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. தகரந்தான் கிடைத்ததென்றால் மேற்புறம் சுண்ணாம்பு அடியுங்கள். வெயிலைத் திருப்பி அனுப்பும். கூட்டின் நீளம் கிழக்கு மேற்காக இருக்கட்டும்; காலை, மாலைச் சாய்வெயில் உள்ளே அதிகம் புகாது. நீண்ட பக்கங்களில் கம்பிவலை அடித்தால் காற்று தாராளமாக வரும். காற்றோட்டமில்லாத கூட்டுக்குள் தண்ணீர் தெளிக்காதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்தால் ஆவியாதல் குறையும். மூச்சிரைத்தும் பயன் இராது.

வெப்பம் முட்டை ஓட்டையும் தாக்குகிறது. ஓட்டின் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மூச்சிரைக்கும்போது இரத்தத்திலிருந்து கரியமில வாயு மிகுதியாக வெளியேறுவதால், ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைந்துபோகிறது. கோடையில் ஓடு மெலிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம் ஆகிறது. அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு அமைவதற்கே! ஓடு பெரும்பாலும் இரவில் அமைகிறது. ஆகவே நொறுக்கிய கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் மாலையில் வையுங்கள். தேவையான அளவைக் கோழியே தின்றுகொள்ளும்.

அடுத்தது ஒளி. கோழியின் மூளை பகலின் நீளத்தை உணர்ந்தே முட்டையிடும் சுரப்புகளைத் தூண்டுகிறது. வெள்ளை லெகார்ன் போன்ற இனங்கள் நன்றாக முட்டையிட 14 முதல் 16 மணி நேர ஒளி வேண்டும். தமிழ்நாட்டிலோ மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை! எனவே மாலையில் ஒரு சிறு விளக்கை இரண்டு மூன்று மணி நேரம் எரியவிடலாம். முட்டையிடும் பருவம் வருமுன், அதாவது சுமார் 20 வாரங்களுக்குமுன், இதைச் செய்ய வேண்டாம். உடல் வளர்ச்சி நிறைவடையாமலே முட்டையிடத் தொடங்கிவிடும்.

இயற்பியல் எல்லாவற்றையும் காப்பாற்றாது. வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய் வந்தால் கூடே காலியாகிவிடும். அதற்குத் தடுப்பூசி உண்டு. குஞ்சு வாங்கியவுடன் அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில், எந்த வயதில் எதைப் போட வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கோழி வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு ஒரு வெப்பமானியைக் கூடு வைக்கப்போகும் இடத்தில், கோழியின் முதுகு உயரத்தில் தொங்கவிடுங்கள். தகரத்தின்கீழ் ஒரு நாள், ஓலையின்கீழ் ஒரு நாள், மரநிழலில் ஒரு நாள் என்று அளந்து எழுதுங்கள். எங்கே குறைவாகக் காட்டுகிறதோ, அதுவே உங்கள் கோழிகளுக்கு ஏற்ற இடம்.