விசிறியை விற்கும் முன் கோளாறைக் கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன் மலைநாட்டு இளைஞர் ஒருவர் என் கடைக்கு வந்தார். "நானா, ஏத்தத்துல போகக்குள்ள என்ட பைக் கொதிக்குது. ரேடியேட்டருக்கு ஒரு ஃபேன் தாங்க" என்றார். தோட்டப் பாதைகளில் ஓடும் ட்ரெயில் பைக் அது. நானும் தட்டிலிருந்து ஒரு 12 வோல்ட் மின்விசிறியை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டேன். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மூன்று வாரத்தில் அந்த பைக் லொறியில் வந்து இறங்கியது. விசிறி நன்றாகவே சுழன்றது. எஞ்சின்தான் இறுகிப் போயிருந்தது. பாஸ் கழற்றிப் பார்த்தார். வோட்டர் பம்ப் சீல் தேய்ந்து, கூலண்ட் சிறிது சிறிதாக எஞ்சின் ஒயிலுக்குள் போயிருந்தது. அந்த இளைஞர் என்னோடு சண்டை பிடிக்கவில்லை. அதன் பின் கடைப்பக்கம் வரவுமில்லை. எனக்கு அதுவே பெரிய நட்டம்.

உதிரிப்பாக வியாபாரம் செய்யும் சகோதரர்களே! அன்று முதல் சில கேள்விகளைக் கேட்காமல் நான் விசிறி விற்பதில்லை.

முதலாவது, எஞ்சின் எந்த வகை? ஹொண்டா எக்ஸ்.ஆர். பாஹா, யமஹா செரோ போன்றவை காற்றினால் குளிர்பவை. அவற்றில் ரேடியேட்டரே இல்லை. கூலண்ட் ஓடும் எஞ்சினுக்கு மட்டுமே இந்தப் பேச்சு.

இரண்டாவது, எப்போது சூடாகிறது? மோட்டோகிராஸ் பைக்குகள் பந்தயத்தில் வேகமாக ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. ஓடும்போது முன்னாலிருந்து வரும் காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும் என்பதால், பாரத்தைக் குறைக்கப் பெரும்பாலும் விசிறி வைப்பதில்லை. அதே பைக் முதலாம் கியரில் ஊர்ந்து மலையேறினால் காற்று போதாது. மெதுவாகப் போகும்போது மட்டும் கொதித்து, வேகமாக ஓடினால் ஆறுகிறது என்றால் விசிறி சரியான மருந்து. நேர்ப் பாதையில் வேகமாக ஓடும்போதும் கொதித்தால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது. கூலண்ட் அளவு, ரேடியேட்டர் இடுக்குகளில் அடைத்த சேறு, மூடியின் அழுத்தம், வோட்டர் பம்ப், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஒயில் பால் கலந்த தேநீர் நிறமாக இருந்தால் விசிறியை விற்காதீர்கள், பாஸிடம் அனுப்புங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டாம் என்றும் எச்சரியுங்கள்.

மூன்றாவது, மின்சாரம் போதுமா? 2 ஆம்பியர் எடுக்கும் விசிறிக்கு 12 வோல்ட்டில் 24 வாட் வேண்டும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மெக்னட் கொயில் தரும் மின்சாரம் குறைவு. விசிறி அதிகம் தேவைப்படுவதும் அதே நேரத்தில்தான். ஆகவே நல்ல பெட்டரி அவசியம். பெட்டரி இல்லாத கிக்கர் பைக்குகளில் விளக்குக்கு வருவது பெரும்பாலும் ஏசி மின்சாரம். அதில் டிசி விசிறி ஓடாது. ரெக்டிஃபயர் ரெகுலேட்டர் பொருத்த வேண்டும். சில பந்தய பைக்குகளின் கொயில் ப்ளக் தீப்பொறிக்கு மட்டுமே போதும்.

பொருத்தும்போது விசிறி ரேடியேட்டரின் பின்புறம் இருந்து காற்றைப் பின்னோக்கி இழுக்க வேண்டும். வயரை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் சுழன்று, வரும் காற்றோடு மல்லுக்கட்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, எதிலும் முட்டவில்லையா எனப் பார்க்க வேண்டும். பெட்டரிக்கு அருகில் பியூஸ் கட்டாயம் வேண்டும். விசிறியைத் தானாக இயக்கும் வெப்ப சுவிட்ச் கூலண்டில் நனைந்தபடி இருக்க வேண்டும். கூலண்ட் குறைந்து சுவிட்ச் வெளியே நின்றால் அது சரியாக வேலை செய்யாது. கையால் போடும் சுவிட்ச் மலிவுதான். ஆனால் ஏற்றத்தில் தடுமாறுபவருக்கு அதைப் போட நினைவு வராது.

விசிறி, வெப்ப சுவிட்ச், ரிலே, பியூஸ், வயர் ஆகியவற்றை ஒரே பொதியாக இப்போது கொடுக்கிறேன். தனி விசிறியை விட இதில் இலாபமும் கூடுதல். திரும்பி வரும் முறைப்பாடும் குறைவு. விசிறி தேவையில்லை என்று சிலரை வெறுங்கையோடு அனுப்பியும் இருக்கிறேன். அவர்களில் பலர் டயருக்கும் செயினுக்கும் மீண்டும் என்னிடமே வந்தார்கள்.

வாடிக்கையாளர் கேட்ட பொருளை எடுத்துக் கொடுப்பது எவருக்கும் முடியும். அது எதற்கு என்று கேட்க இரண்டு நிமிடம் போதும். நான் அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்துத்தான் ஒரு வாடிக்கையாளரை இழந்தேன்.