பச்சை இலைக்குள் சிவப்பு வெளிச்சம்

மலாக்காவின் ஜாசினிலிருந்து மெர்லிமாவுக்கோ ஆசகானுக்கோ போகும் சாலையில் செம்பனைத் தோட்டங்கள் தொடர்ந்து வரும். அந்த மட்டைகளைப் பச்சை என்கிறோம். ஆனால், வெயில் படும் நேரமெல்லாம் அவை மங்கிய சிவப்பு ஒளியையும் வெளிவிடுகின்றன. விழுங்கிய வெளிச்சத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் இப்படித் திரும்புகிறது என்பதால் கண்ணுக்குப் பிடிபடுவதில்லை, செயற்கைக்கோளுக்குப் பிடிபடுகிறது. ஜப்பான் 2009இல் ஏவிய கோசாட் அனுப்பிய பதிவுகளிலிருந்து, உலகத் தாவரங்களின் இந்த ஒளிர்வை 2011இல் படமாகவே வரைந்துவிட்டார்கள். ஒளிர்வது பச்சையம். வளைய வடிவக் கரிமச் சேர்மத்தின் நடுவே மக்னீசியம் என்ற உலோகம் அமர்ந்த மூலக்கூறு அது. மக்னீசியம் குறைந்தால் செம்பனையின் முதிர்ந்த மட்டைகள் ஆரஞ்சு நிறமாவதும், அதற்குக் கீசரைட் உரம் போடுவதும் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரிந்ததே.

இந்த ஒளியை வீட்டிலேயே பார்க்கலாம். நாசி லெமாக்குக்குப் போடும் பாண்டான் இலையைப் பொடியாக நறுக்கி, ஸ்பிரிட்டில் கசக்கி வடிகட்டினால் கரும்பச்சைச் சாறு கிடைக்கும். இருட்டறையில், கள்ள நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அதில் அடித்தால் சாறு இரத்தச் சிவப்பாக ஒளிரும். இலைக்குள் இருந்தவரை ஒளியின் ஆற்றல் மாவுச்சத்து தயாரிக்கப் போய்க்கொண்டிருந்தது. ஸ்பிரிட்டில் அதற்குப் போக்கிடம் இல்லை. கணிசமான பங்கு ஒளியாகவே வெளியேறுகிறது. அப்படியானால் மக்னீசியம்தான் ஒளி தருகிறதா? இல்லை. சாற்றில் புளிக்காடியைச் சேர்த்தால் மக்னீசியம் கழன்று நிறம் பழுப்பாகிவிடும். சிவப்பு ஒளிர்வோ போவதில்லை. அதே சாற்றில் செம்பு உப்பான துருசைக் கலந்து சூடாக்கினால் மக்னீசியம் இருந்த இடத்தில் செம்பு உட்காரும். பளிச்சென்ற பச்சை திரும்பிவிடும், ஒளிர்வு அணைந்துவிடும்.

இங்கேதான் நான் சொல்ல வரும் செய்தி இருக்கிறது. ஒளிர்வது கரிம வளையம். அந்த ஒளி வெளியே வருமா, எந்த வழியில் வரும் என்று தீர்ப்பளிப்பது உலோகம். மக்னீசியம் குறுக்கே நிற்காது. செம்பு ஆற்றலை வாங்கி வெப்பமாக்கிவிடுகிறது. நம் இரத்தத்தில் ஏறக்குறைய இதே வளையத்தின் நடுவே இருக்கும் இரும்பும் அதையே செய்வதால்தான் இரத்தம் ஒளிர்வதில்லை. பிளாட்டினத்தை வைத்தால் கதையே வேறு. ஓலெட் எனப்படும் கரிம ஒளித்திரைகளில் மின்சாரத்தால் கரிம மூலக்கூறுகளைத் தூண்டும்போது நான்கில் ஒரு பங்கு மட்டுமே உடனே ஒளியாகும் நிலையில் இருக்கும். மற்ற மூன்று பங்கும் வெளியேறத் தடையுள்ள நிலையில் சிக்கி, பெரும்பாலும் வெப்பமாக வீணாகும். கனமான உலோக அணு அந்தத் தடையைத் தளர்த்துகிறது. 1998இல் அமெரிக்காவில் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்சன் ஆகியோரின் குழுக்கள் இதைச் செய்து காட்டியபோது கையிலெடுத்தது, பச்சையத்தின் உறவுமுறை வளையம் ஒன்றில் பிளாட்டினம் பதித்த சேர்மத்தைத்தான். அதிலிருந்து வந்ததும் சிவப்பு ஒளியே. அடுத்த ஆண்டு இரிடியம் சேர்மம் பச்சை ஒளி தந்தது. இன்று ஓலெட் திரையுள்ள கைப்பேசிகளில் சிவப்புக்கும் பச்சைக்கும் இரிடியச் சேர்மங்களே பெரிதும் பயன்படுகின்றன.

உலோகமே இல்லாமல் சமையல் மஞ்சள்கூட புற ஊதா ஒளியில் ஒளிர்கிறதே, அரிய உலோகம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சியின் குழு, சிக்கிய மூன்று பங்கையும் உலோகமின்றியே மீட்கும் மூலக்கூறுகளை 2012இல் உருவாக்கியது. ஆனாலும் மஞ்சளுக்கு ஆற்றல் தருவது ஒளி. திரைக்குத் தருவது மின்சாரம். இரண்டையும் ஒன்றாக எடைபோட முடியாது. உலோகமில்லாத மூலக்கூறுகளையே பெரும்பாலும் நம்பியிருக்கும் நீல நிறம்தான் இன்றும் திரைகளின் பலவீனம். இரிடியம் மிக அரிது என்பது வலுவான ஆட்சேபம். அதற்கு விடை உலோகத்தைக் கைவிடுவதாக இருக்காது, மலிவான உலோகத்துக்குப் பொருத்தமான கூடு கட்டுவதாகவே இருக்கும் என்பது என் எண்ணம். பச்சையத்தின் ஒளியை அணைக்கும் அதே செம்பு, வேறு வகைக் கரிமக் கூட்டில் நன்றாகவே ஒளிர்கிறது. ஆய்வுகள் அந்தத் திசையிலும் நடக்கின்றன.

நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாண்டான் இலை, ஸ்பிரிட், ஒரு டார்ச் போதும். ஸ்பிரிட்டைத் தீயருகே கொண்டுபோகாமல், டார்ச் ஒளி கண்ணில் படாமல், அந்தச் சிவப்பைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டுங்கள்.