தெரிந்த முகமே ஜாமீன்

வங்கியில் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு கேட்பார்கள், சொத்துப் பத்திரம் கேட்பார்கள். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலோ முதல் கேள்வி, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்பதுதான்.

1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அந்தக் காலம் தொட்டு இந்த மலையில் நம் மக்களின் உழைப்பு இருக்கிறது. ஆனால் லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துக்குச் சொந்தம். அடமானம் வைக்க நிலமோ வீடோ இல்லாதவருக்கு நாணயம்தான் சொத்து. அதற்குச் சாட்சி அக்கம்பக்கம்.

அந்த நம்பிக்கையில் பிறந்ததுதான் கூட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் ஆளுக்கு 100 வெள்ளி போட்டால், ஒவ்வொரு மாதமும் ஒருவர் கைக்கு 1,000 வெள்ளி வரும். விண்ணப்பப் பாரம் இல்லை, ஜாமீன் கையெழுத்து இல்லை. ஏமாற்றினால் மறுநாள் கோயிலில் தலை காட்ட முடியாது. அந்த வெட்கம்தான் காவல். இதையே யாராவது தொழிலாக நடத்தினால் 1971-ஆம் ஆண்டின் கூட்டு நிதித் தடைச் சட்டப்படி குற்றம். நம் 'கூட்டு' என்ற சொல் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது!

ஆனால் உறவுக்குள் சுற்றும் பணத்துக்கு ஓர் எல்லை உண்டு. வானொலியில் குடும்பச் செலவு பற்றிப் பேசும் நாட்களில், தோட்டப்புறத்து நேயர்களிடம் நான் அடிக்கடி கேட்பது இதுதான்: நமக்கு முடை வரும்போது பக்கத்து வீட்டுக்கும் முடைதான். எல்லாருக்கும் ஒரே நாளில் சம்பளம், ஒரே மாதத்தில் பள்ளிச் செலவு, ஒரே தீபாவளி. யாரிடம் போய்க் கைமாற்று வாங்குவது?

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் ஒரு கட்டுரை எழுதினார். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே, புதுச் செய்தி தூரத்துப் பழக்கத்தின் வழியாகத்தான் வருகிறது என்பது அதன் சாரம். கடனுக்கும் இது பொருந்தும். தெக்குன் நேஷனலில் இந்தியச் சிறு வணிகர்களுக்கு 'ஸ்புமி' என்ற கடன் திட்டம் இருக்கிறது. தானா ராத்தாவில் ஓர் ஆசிரியரையோ கூட்டுறவுச் சங்க ஊழியரையோ தெரிந்த குடும்பத்துக்கு அந்தச் செய்தி போய்ச் சேரும். யாரையும் தெரியாத குடும்பத்தின் கண்ணில் படுவது மின்கம்பத்தில் ஒட்டிய ஆலோங் எண்தான். உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது என்பதுகூட அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

உள்ளூர் நம்பிக்கையும் வெளித் தொடர்பும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், 1960-இல், துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பணம் தோட்டங்களையே வாங்கியது.

இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பலர் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறோம். லயத்தில் இருக்கும் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் அந்த வெளித் தொடர்பு நாம்தான். அவசரப்பட்டு ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டாம். அவர்கள் கட்டத் தவறினால் வங்கி நம்மைத்தான் தேடி வரும். அடுத்த முறை திருவிழாவுக்கு மலையேறும்போது, ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். பல வீடுகளுக்கு அதுவே பெரிய உதவி.