தலைமேல் வைத்த கை

ஞானஸ்நானம் பெற்றுத் தலை ஈரம் உலராமல் நிற்கிறான் ஒரு வயல் கூலிக்காரன். பிஷப் அவனை லேசில் விடுகிறாரில்லை! அவன் கையை அவன் தலைமேலேயே வைக்கச் சொல்கிறார். தான் ஞானஸ்நானம் பெற்றவன் என்றும், நற்செய்தியைப் பிறருக்குச் சொல்லாதிருந்தால் தனக்குக் கேடு என்றும் அவன் வாயாலேயே சொல்ல வைக்கிறார்.

எழுத்தறியாத அந்த ஏழைக்கா பிரசங்க வேலை என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவனுக்கேதான் என்று நம்பினார் பிஷப் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

அசரியா நம் திருநெல்வேலிச் சீமைக்காரர். 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தவர். ஒய்.எம்.சி.ஏ. காரியதரிசியாக ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்த அவர், 1902-ல் யாழ்ப்பாணம் போனார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் வெளியூருக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். நம்மவர் மட்டும் வெள்ளைக்காரரையே எதிர்பார்த்துக் கிடப்பானேன்? மறு வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. பணமும் ஆளும் நிர்வாகமும் இந்தியருடையவை.

சங்கம் தேர்ந்தெடுத்த இடம், நிஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல். பிறரை அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பது சுலபம். அசரியாவோ 1909-ல் உத்தியோகத்தை விட்டுவிட்டுத் தாமே புறப்பட்டார். மனைவி அன்புவும் உடன் சென்றார். முதலில் தெலுங்கு படித்தாக வேண்டியிருந்தது! 1912-ல் அவர் தோர்ணக்கல் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. பதவி வந்த பிறகும் மாட்டு வண்டியும் சைக்கிளும்தான் வாகனம்.

சபையில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் மாலர், மாதிகர். ஊரார் இருவரையும் ஒதுக்கினார்கள். அவர்களோ ஒருவரையொருவர் ஒதுக்கினார்கள்! இந்த வேலி சபைக்குள் நுழையலாகாது என்பதில் அசரியா கண்டிப்பாக இருந்தார். வருஷந்தோறும் சாட்சி வாரம் ஒன்று ஏற்படுத்தினார். அந்த வாரத்தில் உழுகிறவனும் களை பறிக்கிறவளும் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய், தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள். பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று எடுத்து வைப்பார்கள். அரைவயிற்றுக் கஞ்சிக்காரரின் பிடி அரிசி அது.

பல கிராமங்களில் நிலமுள்ள குடியானவர்களும் பிற்பாடு சபையை நாடினார்கள். அவர்களைத் தொட்டது பிரசங்கத்தைவிட, தங்கள் வயலில் வேலை செய்தவர்களின் குடிப்பழக்கமும் சச்சரவும் மறைந்ததுதான். மதமாற்றம் பற்றி காந்தியடிகளுக்கும் அசரியாவுக்கும் 1930-களில் கடுமையான கருத்து வேற்றுமை இருந்தது. ஆனால் கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதி கூடாது என்று எதிர்த்தவரும் இதே அசரியாதான்.

தோர்ணக்கல் பேராலயம் கட்டி முடியப் பல வருஷங்கள் பிடித்தன. 1939 ஜனவரி 6-ஆம் தேதி பிரதிஷ்டை நடந்தது. மசூதியின் கும்மட்டமும் கோயிலின் தாமரையும் அங்கே ஒன்றாகக் காட்சி தருகின்றன. 1945-ஆம் வருஷத்துப் புத்தாண்டு தினத்தில் அசரியா காலமானார். அந்த ஆலயத்தருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.