மூசி ஆற்றின் இரு கரைகள்: ஹைதராபாத் வாக்காளர் மனநிலை

மூசி ஆற்றின் தென்கரையில் சார்மினாரைச் சூழ்ந்துள்ள பழைய நகரம், 2009, 2014, 2018, 2023 ஆகிய நான்கு சட்டமன்றத் தேர்தல்களிலும் மஜ்லிஸ் கட்சிக்கு, அதாவது அசதுத்தீன் ஒவைசி தலைமையிலான அகில இந்திய மஜ்லிஸ்-ஏ-இத்தஹாதுல் முஸ்லிமீனுக்கு, அண்டைப் பகுதிகளையும் சேர்த்து மாறாமல் 7 இடங்களைத் தந்திருக்கிறது. 2016, 2020 மாநகராட்சித் தேர்தல்களிலும் 150 வார்டுகளில் அக்கட்சி பெற்றவை 44 என்றே நின்றன. ஆனால் அதே இடைவெளியில் தெலங்கானா ராஷ்டிர சமிதி 99இலிருந்து 56ஆகச் சரிய, பாரதிய ஜனதா 4இலிருந்து 48ஆக உயர்ந்தது, பழைய நகரத்துக்கு வெளியேயுள்ள புதிய நகர வாக்குகள் எத்துணை விரைவாக இடம்பெயரக்கூடியவை என்பதைக் காட்டுகிறது. 2023இல் மாநில ஆட்சியையே கைப்பற்றிய காங்கிரஸ், ஹைதராபாத் மாவட்டத்தின் 15 தொகுதிகளில் ஒன்றில்கூட வெல்லவில்லை என்பதால், கிராமப்புற அலை தலைநகரையும் நனைக்கும் என்ற கணிப்பு அப்போது இங்குப் பொருந்தவில்லை.

இவ்வெண்களைவிடக் கவலைக்குரியது வாக்குப்பதிவு விகிதம், அதாவது பட்டியலில் உள்ளோரில் உண்மையில் வாக்களித்தோரின் பங்கு: 2020 மாநகராட்சித் தேர்தலில் அது பாதியைக்கூட எட்டவில்லை, ஆகவே மழைநீர் வடிகாலை நிர்வகிக்கும் மாநகராட்சி மன்றத்தை நகர வாக்காளர்களில் பாதிக்கும் குறைவானோரே தேர்ந்தெடுத்தனர்.